ஆர்சிஏ கேபிளை மாற்றினால் சத்தம் நன்றாகுமா? காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

புதிதாக ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தப் பேச்சைக் கேட்பார்கள்: "பெட்டியோட வந்த கேபிளையா போட்டிருக்கீங்க? அதை மாத்துங்க சார், சவுண்ட் அப்படியே ஓப்பன் ஆகும்." கேபிளின் விலை முந்நூறு ரூபாயில் தொடங்கி, நீங்கள் ஸ்பீக்கருக்குக் கொடுத்த விலையைத் தாண்டியும் போகும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆள் இருக்காது.

என் வீட்டில் டிவியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்த நாளிலிருந்து ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். கேபிளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அதைவிட விலை கூடியதைப் போடச் சொன்னார்கள், அதையும் போட்டேன். இரைச்சல் அசையவில்லை. காரணம் செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பணமே தேவைப்படவில்லை. அந்தச் சோதனைகளை யாராவது முதலிலேயே வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேபிள் பழுதில்லாமல், சரியான வகையாக, ஒன்று இரண்டு மீட்டர் நீளத்துக்குள் இருந்தால், விலை கூடிய கேபிள் போடுவதால் காதுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வராது. கேபிள் உண்மையிலேயே வேலையைக் கெடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத்தான் கீழே உள்ள படிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வேண்டிய கருவி ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டுமே. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

1. எந்த கேபிளைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகுங்கள்

டிவி, சிடி பிளேயர், டாக் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) போன்றவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் கொண்டுவருவது இன்டர்கனெக்ட். பெரும்பாலான வீடுகளில் அது சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது ஸ்பீக்கர் வயர். இரண்டின் கணக்கும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன யோசனையை இன்னொன்றுக்குப் பொருத்திக் குழம்புகிறவர்கள் நிறைய.

ஸ்பீக்கர் வயரை இங்கேயே முடித்துவிடலாம். அதில் பார்க்க வேண்டியது தடிமனும் செம்பும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், போக வரச் சேர்த்து மின்தடை சுமார் 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம். அதைவிடத் தூரம் என்றால், அல்லது 4 ஓம் ஸ்பீக்கர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் ஃபிளெக்சிபிள் வயரே போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைச் செம்பு என்று விற்பதும் நடக்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

2. என்ன குறை என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"சவுண்ட் நல்லா இல்லை" என்று கடைக்காரரிடம் சொன்னால் அவர் தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுவார். குறையைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாட்டே ஓடாதபோதும் "உம்ம்ம்" என்று தாழ்ந்த இரைச்சல் கேட்கிறதா? அது நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். மூன்றாவது படிக்குப் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் விட்டு விட்டு வருகிறதா, பிளக்கைத் தொட்டால் கரகரக்கிறதா? கேபிளோ சாக்கெட்டோ பழுது. நான்காவது படி.

வாத்தியங்கள் கேட்கின்றன, பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறதா? போனிலிருந்து 3.5 மில்லிமீட்டர் பின் வழியாக இணைத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பொதுவான கிரவுண்ட் இணைப்பு அறுந்தால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்துபோகும். பின்னை முழுதாக அழுத்திச் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

இவை எதுவும் இல்லை, பாஸ் பூம் பூம் என்று இடிக்கிறது, குரல் கூசுகிறது, பேச்சு புரியவில்லை என்றால் நேராக எட்டாவது படிக்குப் போங்கள். அது அறையின் வேலை.

3. இரைச்சலைத் துரத்துவது

ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். ஆர்சிஏ பிளக்கைக் கழற்றும் முன்பும் செருகும் முன்பும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். ஆர்சிஏவில் நடு முள்தான் முதலில் தொடும், வெளி வளையம் அப்புறம்தான். அந்த ஒரு கணத்தில் வரும் "டம்" என்ற அடி, ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன வட்டமான ட்வீட்டரைக் கெடுத்துவிடலாம்.

ஆம்ப்ளிஃபையரின் பின்னால் உள்ள எல்லா ஆர்சிஏ கேபிளையும் கழற்றுங்கள். ஆன் செய்து வால்யூமை வழக்கமான அளவில் வையுங்கள். இப்போதும் இரைச்சல் இருந்தால் அது ஆம்ப்ளிஃபையரின் உள்கோளாறு. வாரண்டி இருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வாருங்கள். எதைச் செருகியதும் இரைச்சல் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் அது டிவியாகவோ செட்டாப் பாக்ஸாகவோ இருக்கும். அடுத்து, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி வயரையோ டிஷ் வயரையோ கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த வயரின் வெளிக்கூடு எங்கோ தெருவிலோ மொட்டை மாடியிலோ ஒரு தரையைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின் வீட்டின் தரையைத் தொடுகிறது. இரண்டு தரைக்கும் நடுவில் ஓடும் சிறு மின்னோட்டம் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கூடு வழியாகப் போகிறது. தங்க முலாம் பூசியதானாலும் வெள்ளிக் கம்பியானாலும் அதுவும் அதே சுற்றில்தான் உட்கார்ந்திருக்கும், இரைச்சலும் அப்படியே இருக்கும்.

இதற்கு மிகச் சிறந்த தீர்வு, டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்து ஆம்ப்ளிஃபையரிலோ டாக்கிலோ ஆப்டிகல் இன் இருந்தால் அதற்கு மாறுவது. அந்த இழையில் உலோகத் தொடர்பே இல்லாததால் சுற்று அறுந்துவிடும். அந்த வசதி இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சிறு பெட்டி உண்டு, உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சில நூறு ரூபாய். மட்டமானதில் பாஸ் கொஞ்சம் குறையும், அதனால் திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

கேபிள் டிவி வயருக்கு என்றே தனி ஐசோலேட்டர்களும் விற்கிறார்கள். அதை டிஷ் வயரில் போடாதீர்கள். டிஷ் தலையில் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த வயர் வழியாகத்தான் போக வேண்டும். நேர்மின்சாரத்தைத் தடுக்கும் ஐசோலேட்டரைப் போட்டால் படமே வராது.

லேப்டாப்பில் பாட்டுக் கேட்பவர்கள் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் இல்லையென்றால் சார்ஜர் வழியாக வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது, ஆர்சிஏ கேபிளைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி வைப்பது, இவ்விரண்டும் பல வீடுகளில் இரைச்சலைப் பாதியாகக் குறைக்கும். வயர்கள் குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஓடவிடாமல் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான். ஆனால் உள்ளே ஒரு வயர் விடுபட்டு உலோக உடலைத் தொட்டால், நீங்களோ பிள்ளைகளோ தொடும் பெட்டியில் 230 வோல்ட் நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு எர்த் மேலேயே சந்தேகம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. இருக்கும் கேபிளைச் சோதியுங்கள்

கேபிளை இரு முனையிலும் கழற்றி மேஜைமேல் வையுங்கள். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலைக்குத் திருப்புங்கள். ஒரு முனையின் நடு முள்ளிலிருந்து மறு முனையின் நடு முள்ளுக்கு வைத்தால் பீப் வர வேண்டும். வெளி வளையத்திலிருந்து வெளி வளையத்துக்கும் வர வேண்டும். முள்ளுக்கும் வளையத்துக்கும் நடுவில் வரவே கூடாது. மீட்டர் முனையை வைத்தபடியே பிளக்கின் கழுத்துப் பகுதியை இப்படியும் அப்படியும் வளையுங்கள். பீப் துண்டு துண்டாக வந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலான கேபிள்கள் சாவது அந்தக் கழுத்தில்தான்.

அப்புறம் ஓம் நிலைக்கு மாற்றி முனைக்கு முனை அளவு பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணை, 0.3 என்று வைத்துக்கொள்வோம், கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஒரு ஓமுக்கு மேல் போனால் அந்த கேபிள் சந்தேகத்துக்குரியது.

கேபிள் தேறிவிட்டால் சாக்கெட்டைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் பிளக்கில் பச்சையோ கறுப்போ படிந்து கரகரப்பு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். ஆம்ப்ளிஃபையரின் பவர் வயரையே பிடுங்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும். புது கேபிள் போட்டதும் சத்தம் தெளிந்தது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது சாக்கெட்டின் அழுக்கும் உரசிப் போய்விடுகிறது.

5. நல்ல கேபிளுக்கு மேல் விலை கொடுத்தால் ஏன் மாற்றம் வராது

கொஞ்சம் கணக்கு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் கடையில் பேச்சுக் கொடுக்க இது உதவும்.

ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை வழக்கமாக 10 முதல் 50 கிலோ ஓம். ஒரு மீட்டர் கேபிளின் தடை 0.2 ஓம் என்று எடுத்தால், 20 கிலோ ஓமுக்கு முன்னால் அது லட்சத்தில் ஒரு பங்கு. வெள்ளியோ செம்போ, அந்த லட்சத்தில் ஒரு பங்கில்தான் வித்தியாசம் செய்ய முடியும்.

அடுத்தது கெப்பாசிடன்ஸ், அதாவது கேபிள் தன்னுள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை. ட்ரெபிளை இதுதான் குறைக்கக்கூடியது. மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்று வைத்து, சிக்னல் தரும் கருவியின் வெளியீட்டுத் தடையை 200 ஓம் என்று எடுத்தால், சத்தம் குறையத் தொடங்கும் எல்லை சுமார் 80 லட்சம் ஹெர்ட்ஸில் வருகிறது. மனிதக் காது, அதுவும் இளம் வயதில், 20,000 ஹெர்ட்ஸோடு நிற்கிறது.

கேபிளின்மேல் அம்புக்குறி போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்கூட்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு இணைத்த கேபிளில் அதற்குப் பொருள் உண்டு. அம்பு ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கும்படி போடுங்கள். மற்றபடி பாட்டு சிக்னல் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் திரும்பும் மாறுமின்சாரம், அதற்குத் திசை கிடையாது. "நூறு மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும்" என்பதைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும்.

6. கேபிள் உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள்

ரெக்கார்டு பிளேயர் வைத்திருக்கிறீர்களா? ஊசியைத் தாங்கி சிக்னல் தரும் கார்ட்ரிட்ஜ், பரவலாக உள்ள மூவிங் மேக்னெட் வகை என்றால் கேபிளின் கெப்பாசிடன்ஸ் சத்தத்தையே மாற்றும். ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 பைக்கோஃபாரட் வரை என்றும், ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 100 முதல் 200 வரை என்றும் நிறுவனங்களே அளவு சொல்கின்றன. இது கேபிள், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உள்வயர், ரெக்கார்டு பிளேயருக்கென்றே உள்ள ஃபோனோ உள்ளீடு மூன்றும் சேர்ந்த மொத்தம். ஃபோனோ பெட்டியிலேயே 220 இருக்க, மேலே 150 கொண்ட கேபிளைப் போட்டால் இரண்டு கார்ட்ரிட்ஜுக்கும் அளவு மீறுகிறது. ட்ரெபிளின் கீழ்ப்பகுதி தூக்கலாகி, அதற்கு மேலே சரிந்துவிடும். இங்கே மீட்டருக்கு எத்தனை பைக்கோஃபாரட் என்று எழுதியிருக்கும் கேபிளைத் தேடி, குட்டையாக வாங்குங்கள். ரெக்கார்டு பிளேயருக்குள்ளேயே ஃபோனோ ஆம்ப் இருந்து, அதன் சுவிட்ச் "லைன்" நிலையில் இருந்தால் வெளியே போகும் கேபிளுக்கு இந்தக் கவலை இல்லை. ரெக்கார்டு பிளேயரில் இரைச்சல் என்றால் முதலில் அந்த ஒல்லியான தனி கிரவுண்ட் வயரைத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் இல்லாத, வெறும் வால்யூம் குமிழ் மட்டும் கொண்ட பேசிவ் பெட்டி இன்னொன்று. 50 கிலோ ஓம் குமிழும், மீட்டருக்கு 150 பைக்கோஃபாரட் கொண்ட ஐந்து மீட்டர் நீளமான கேபிளும் சேர்ந்தால் ட்ரெபிள் 17 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே சரியலாம். விலை கூட்டாமல் நீளத்தைக் குறைத்தாலே சரியாகும்.

பத்து மீட்டருக்கு இழுக்க வேண்டுமென்றால், இரு கருவியிலும் எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முள் இணைப்பு இருக்கும்பட்சத்தில் அதைப் பயன்படுத்துங்கள். வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுவதால் மறுமுனையில் கழிந்துவிடும்.

7. டிஜிட்டல் கேபிளில் தனிக் கணக்கு

ஆப்டிகல், எச்டிஎம்ஐ, கோஆக்சியல் மூன்றிலும் கேபிள் கெட்டால் சத்தம் விட்டு விட்டு வரும், டிக் டிக் என்று வெட்டும், அல்லது வரவே வராது. "பாஸ் மென்மையாகிவிட்டது" போன்ற குறைகள் இங்கே எழாது. கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய ஏவி கேபிளின் மஞ்சள் பிளக் வயர் வீட்டில் கிடந்தால் அதுவே போதும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. ஆப்டிகல் கேபிளின் இரு நுனியிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமல் செருகிவிட்டுக் கேபிள் கெட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொன்று, ஸ்டீரியோ டாக்கில் டிவியை இணைத்தும் சத்தமே வராமலோ, வெறும் இரைச்சலாகவோ இருப்பது. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் டால்பியில் இருக்கும். அதை பிசிஎம் என்று மாற்றுங்கள்.

8. அந்தப் பணத்தை அறையில் போடுங்கள்

நம் ஊர் வீட்டில் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், காங்கிரீட் கூரை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். "டர்ர்" என்று ஒரு வால் நீண்டு கேட்டால், உங்கள் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடியாவது முன்னே இழுங்கள், மூலையில் வைக்காதீர்கள். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும். தரையில் தடித்த விரிப்பு, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை. ஜமுக்காளம் மெல்லியது, அது ட்ரெபிள் எதிரொலியை மட்டும் கொஞ்சம் குறைக்கும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலையில் நிறுத்திவிட்டு, கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் முன்னே வந்து நிற்பது தெரியும். பிடித்திருந்தால் அப்புறம் அழகான ஏற்பாட்டுக்குச் செலவழிக்கலாம்.

9. இன்னும் சந்தேகமா? கண்ணை மறைத்துக் கேளுங்கள்

பழைய கேபிளும் புது கேபிளும் கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள், அதாவது திருப்பித் தரும் கெடுவுக்குள். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஆர்சிஏ இணைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். டாக்கின் வெளியீட்டில் அதைப் போட்டு, ஒரு கிளையில் பழைய கேபிளை மாட்டி ஆம்ப்ளிஃபையரின் சிடி உள்ளீட்டுக்கும், இன்னொன்றில் புதியதை மாட்டி ஆக்ஸ் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். இப்போது ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேபிள் மாறும்.

ஆம்ப்ளிஃபையரின் முகப்பை ஒரு துணியால் மூடுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி எந்த உள்ளீடு என்று முடிவு செய்து, தாளில் குறித்துக்கொள்ளட்டும். பத்துப் பதினைந்து வினாடித் துண்டு போதும். தம்புரா சுருதியும் மிருதங்கத்தின் சாப்பும் சேர்ந்து வரும் இடம் நல்ல சோதனை, மேலும் கீழும் இரண்டுமே அதில் இருக்கின்றன. எந்த கேபிள் ஓடுகிறது என்று 16 முறை சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 12 வந்தால் கேபிளை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

10. வாங்கத்தான் வேண்டும் என்றால்

பின்னல் கவசமுள்ள, பிளக் கெட்டியான ஒன்றரை மீட்டர் ஆர்சிஏ கேபிளுக்குச் சுமார் 300 முதல் 1,000 ரூபாய் வரை போதும். சென்னையில் ரிச்சி தெருவில் அலைந்தால் வயரும் பிளக்கும் தனித்தனியாக வாங்கிச் சால்டர் செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் டிஷ்ஷுக்குப் போடும் வயரில் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. செம்புப் பின்னல் என்று பார்த்து வாங்குங்கள்.

தேவையான நீளத்தைக் கயிறு வைத்து அளந்துகொண்டு போங்கள். பிளக்கைக் கடையிலேயே ஒரு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். ரொம்ப இறுக்கமாகப் பிடிக்கும் பிளக், கழற்றும்போது ஆம்ப்ளிஃபையரின் சாக்கெட்டையே பலகையிலிருந்து பெயர்த்துவிடும். பாக்கெட்டின்மேல் எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள்.

ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். திருப்பித் தர எத்தனை நாள், பாக்கெட் பிரித்தால் எடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அட்டை, உறை, கட்டும் கம்பி எதையும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். சொன்னதற்கு மாறாக நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடைகளில் இப்போது தருவது பெரும்பாலும் வெப்பத்தாள் பில், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.